சபாட்டிகல்

பேராசிரியர்களின் ஆய்வு விடுப்புக்கான இச்சொல்லின் வேர் எபிரேய 'ஷபாத்': வேலையை நிறுத்துதல். ஆறாண்டு உழுத நிலத்தை ஏழாம் ஆண்டு தரிசாக விடச் சொல்கிறது யூத மறைநூல். அந்த ஏழாம் ஆண்டுதான் கிரேக்கம், லத்தீன் வழியாகக் கல்லூரிக்குள் வந்தது. 1880இல் ஹார்வர்டு, ஏழாண்டுக்கு ஒருமுறை அரைச் சம்பளத்தில் ஓராண்டு விடுப்பு தரத் தொடங்கியது.

அரைச் சம்பளத்தை வைத்துக்கொண்டு அயலூரில் வாடகை கொடுத்துக் குடும்பத்தோடு இருக்க முடியுமா? மீதியைத் தேடுவதே ஆய்வாளரின் பெரும்பாடு. 1925இல் தோன்றிய குகன்ஹைம், 1946இல் வந்த ஃபுல்பிரைட் போன்ற நிதியுதவித் திட்டங்கள் அந்த மீதிக்குக் கைகொடுப்பவை. இப்பணத்தைத் தமிழில் 'நல்கை' என்கிறோம். நல்குதல் என்றால் கொடுத்தல், அன்பு காட்டுதல் இரண்டும்தான். அருமையான தேர்வு. விண்ணப்பிப்பவர்கள் தாம் செல்லவிருக்கும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத் துறையின் அழைப்புக் கடிதத்தை முதலில் வாங்கிவிடுவது நல்லது. பல நல்கைகள் அதைக் கேட்கும்.