படகில் இருப்பவரின் கை

ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடப்பவரைக் கூடவரும் படகில் இருப்பவர்கள் தொடக்கூடாது. கை பட்டால் அந்த நீச்சல் செல்லாது. சாப்பாட்டைக்கூடக் கழியிலோ கயிற்றிலோ கட்டித்தான் நீட்டுவார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, குருவும் மாணவரும் பழகிய கதை முழுவதும் இந்த ஒரு சட்டத்துக்குள் அடங்கியிருப்பதாகப் படுகிறது.

1925 ஆகஸ்டில் அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடெர்லே கால்வாயில் இறங்கினார். பயிற்சியாளர் ஜேபஸ் உல்ஃப், இருபது தடவைக்கு மேல் முயன்றும் அதைக் கடக்க முடியாதவர். எடெர்லே மூழ்கப்போகிறார் என்று நினைத்து ஆளை விட்டுப் பிடிக்கச் சொன்னார். நீச்சல் அதோடு முடிந்தது. சற்று ஓய்வாக மிதந்தேன், அவ்வளவுதான் என்று எடெர்லே வாதாடினார். உல்ஃபை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. தன் தோல்விகளின் பயத்தோடு அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டார். மறு ஆண்டு எடெர்லேயின் பயிற்சியாளர் பில் பர்ஜஸ், 1911-இல் கால்வாயைக் கடந்தவர். தந்தையும் அக்காவும் படகில் இருந்தார்கள். கடல் கொந்தளித்தபோது மேலே வரும்படி படகிலிருந்து குரல் வந்தது. எதற்கு என்று கேட்டுவிட்டு எடெர்லே நீந்திக்கொண்டே போனார். 1926 ஆகஸ்ட் 6 அன்று, ஆண்களின் சாதனையைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே கரையேறினார்.

ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலைச் சுற்றிக் குடியிருந்த எங்கள் யாழ்ப்பாண ரயில்வே குடும்பங்களுக்குக் கடல் என்றால் பாக்கு நீரிணை. 1954-இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி அதைக் கடந்ததை அப்பப்பா சொந்தப் பிள்ளையின் வெற்றிபோலச் சொல்வார். 1971-இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதையே 51 மணி நேரத்தில் போய்த் திரும்பினார். அதே ஆனந்தன் 1984-இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரிழந்தார். கையை நீட்டாமல் இருப்பதே எப்போதும் சரி என்பவர்களிடம் அந்த மரணத்தைத்தான் சொல்வேன்.

1994-இல் பயிற்சியாளர் கே. எஸ். இளங்கோவனிடம் பழகிய சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் ஆறு நீர்வழிகளைக் கடந்தான். மிஹிர் சென் 1966-இல் கடந்தவை ஐந்து. அத்தனை சின்னப் பிள்ளையைக் கடலில் விட எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்!

அந்த அறிவு எண்ணிக்கையில் தொடங்குகிறது. நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று படகில் எண்ணிக்கொண்டே வருவார்கள். எண்ணிக்கை சரிந்து, கேட்ட கேள்விக்குப் பதிலும் குழறினால், குளிர் மூளையை எட்டிவிட்டது. சட்டத்தைப் பார்க்காமல் தூக்கிவிட வேண்டும். போர்ட்டிக்சன் கடலுக்கு நான் கூட்டிப்போகும் பெரிய பிள்ளைகளின் பெற்றோருக்கு முதலில் இந்த எண்ணிக்கையைத்தான் கற்றுத்தருகிறேன்.