இல்லத்திலிருந்து உரிமைக்கு: குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவி வளர்ந்த வரலாறு

கணவனின் அடிக்கு அஞ்சி வெளியேறும் பெண் இன்றிரவு எங்கே தங்குவாள்? அவளுக்கான உதவியை எடைபோட இந்தக் கேள்வியே போதும். நூறாண்டுகளில் இதற்குக் கிடைத்த விடைகள் பெரிதும் மாறியிருக்கின்றன.

முதல் விடை, இல்லம். சகோதரி சுப்பலட்சுமி சென்னை ஐஸ் ஹவுஸில் நடத்திய விடுதி இளம் விதவைகளின் படிப்புக்கு வழிசெய்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தொடங்கிய அவ்வை இல்லம் ஆதரவற்ற சிறுமியருக்குக் கதவு திறந்தது. இரண்டும் அரும்பெரும் பணிகள். ஆனால் கணவன் உயிரோடு இருப்பவளை ஆதரவற்றவளாக ஊர் கருதவில்லை. அவளுக்குப் பிறந்த வீடே கதி. அங்கும் நாலு நாள் கழித்து, பெரியவர்கள் பேசித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சட்டத்தின் கண்ணில் முதலில் பட்டது வரதட்சணைதான். 1961-இல் தடைச் சட்டம் வந்தும் சாவுகள் நிற்கவில்லை. மருமகள்கள் எரிந்து சாவதை ‘ஸ்டவ் வெடித்த விபத்து’ என்று முடித்துவிடும் வழக்கத்தை எதிர்த்து, 1970-களின் இறுதியில் தில்லிப் பெண்கள் தெருவில் இறங்கினர். 1983-இல் கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமைக்கான 498ஏ பிரிவும், 1986-இல் வரதட்சணைச் சாவுக்கான 304பி பிரிவும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. மகளைப் பறிகொடுத்த சத்யராணி சட்டா, ஷாஜஹான் ஆபாவோடு சேர்ந்து 1987-இல் ‘சக்தி சாலினி’ அமைப்பைத் தொடங்கினார்.

தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. உடம்பில் பட்ட காயத்தை ஒரு பெண்ணிடம் காட்ட முடிந்ததே பெரிய மாற்றம். ஆனாலும் தண்டனைச் சட்டம் கணவனைச் சிறைக்கு அனுப்புமே தவிர, மனைவிக்குக் கூரை தராது. ‘அவரை உள்ளே வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது?’ என்று புகாரே தராமல் திரும்பியவர்கள் பலர். புகார் தந்தவர்களுக்கும் ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்ற பேச்சு காத்திருந்தது.

இந்த இடைவெளியை நிரப்பவே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கும் வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்கிறது 17-ஆம் பிரிவு. இச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர் நிரப்பும் முதல் படிவத்தைப் பார்த்தாலே சட்டத்தின் பார்வை விளங்கும். அடி, உதை மட்டுமல்ல. ஆண் குழந்தை பெறவில்லை என்று ஏசுவது, செலவுக்குப் பணம் தராதது, வீட்டின் ஒரு பகுதிக்குள் விடாமல் தடுப்பது எல்லாமே அதில் வன்முறையாக இடம்பெற்றுள்ளன.

ஆனால் இரண்டே மாதத்தில் இந்த உரிமை சுருங்கியது. மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகள் குடியிருப்பு உரிமை கோர முடியாது என்று, பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நம் ஊரில் வீடுகள் பெரும்பாலும் மாமனார், மாமியார் பெயரில்தானே இருக்கின்றன! சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 அக்டோபரில்தான் இதை மாற்றியது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் தெருவில் நின்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பயன்படவில்லை.

வேறு பணிகளும் வளர்ந்தன. 2001-இல் சென்னையில் தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு, தீக்காயத்தோடு பிழைத்த பெண்களோடும் பணியாற்றுகிறது. 2015-இல் தொடங்கிய ‘சகி’ திட்டத்தின்கீழ் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் மருத்துவம், சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே கூரையின்கீழ் தருகின்றன. மகளிர் உதவி எண் 181 இரவு பகலாக இயங்குகிறது. பாதிக்கப்பட்டவளே வர வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது சட்டப்படி பழி வராது.

இவ்வளவும் இருந்தும், வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் வெறும் 14 விழுக்காட்டினரே உதவி தேடியதாக ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்கிறது. பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் போய்வர பஸ் காசும் ஒரு நாள் கூலியும் இழக்க வேண்டியவளிடம், ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்பது நியாயமல்ல. தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே வேறு வேலை சுமக்கும் அதிகாரிக்குக் கூடுதல் பொறுப்பாக இதைத் தள்ளிவிடாமல், முழுநேர ஆளையும் தனி அறையையும் அரசு ஒதுக்க வேண்டும்.