வாயில் வாழ்ந்த சீறா

மேற்கோள் என்பது மேடையில் பேசுவோர் அணிந்துகொள்ளும் நகை என்று எண்ணுவோர் பலர். நம் பெரியவர்களின் இல்லங்களில் அதற்கு வேறு வாழ்வு இருந்தது. நோயாளியின் தலைமாட்டில் புர்தா ஷரீபின் பைத்துகளை ஓதினார்கள். அதனை யாத்த இமாம் பூஸீரீ (ரஹ்) அவர்களே வாத நோயில் கிடந்து, அக்கவிதையின் பொருட்டால் எழுந்து நடந்தார்கள் என்பது ஓதுவோர் அனைவரும் அறிந்த வரலாறு. ரபீயுல் அவ்வல் பிறை கண்டதும் வீடுகளில் ரசூல் மாலை ஒலிக்கும். யார் எழுதியது, எந்த நூற்றாண்டு என்று அங்கே எவரும் கேட்பதில்லை. எந்த வேளைக்கு எந்த அடி என்பது மட்டும் தவறாது தெரியும்.

நம் உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குர்ஆன் ஓதுவார்கள், அரபுத் தமிழ் படிப்பார்கள். அக்காலத்தில் பெண்மக்களுக்கு எழுத்தென்றால் அரபு எழுத்துதான். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட அவ்வெழுத்தில், கொழும்பிலிருந்து அப்பா எழுதும் கடிதங்கள் வரும். சட்ட நூலும் மாலைப் பாட்டும் அதிலேயே இருந்தன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் நூல்கள் நம் பெண்களின் பெட்டிகளில் குர்ஆனுக்கு அடுத்தபடி வைக்கப்பட்டிருந்தமைக்கு இதுவே காரணம்.

ஆனால் சீறாப்புராணம் உம்மும்மாவுக்கு எழுத்து வழியாக வந்ததன்று, காது வழியாக வந்தது. திண்ணையில் ஆண்கள் கூடிச் சீறா படித்துப் பொருள் சொல்லும் இரவுகளில், உள்ளே கதவுக்குப் பின்னால் பெண்கள் அமர்ந்து கேட்பது வழக்கமாம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் 5027 விருத்தங்கள் கொண்ட பெருநூல் அது. அதில் உம்மும்மாவுக்கு மனப்பாடமாக இருந்தவை நாற்பது ஐம்பது பாடல்கள் இருக்கலாம். அவற்றுள்ளும் மானுக்குப் பிணை நின்ற படலந்தான் அவர்களுடைய சொந்தப் படலம்.

வாசகர்கள் அறிந்த கதைதான். வேடன் ஒருவன் பெண்மானைக் கட்டிப் போட்டிருக்கிறான். நாயகம் (ஸல்) அவர்களைக் கண்ட மான் வாய் திறந்து பேசுகிறது. காட்டில் பால் குடிக்கும் கன்று காத்திருக்கிறது. அதற்குப் பாலூட்டித் திரும்பி வந்துவிடுகிறேன் என்று மன்றாடுகிறது. நாயகம் அவர்கள் தாமே பிணையாக நிற்கிறார்கள். போன மான் சொன்ன சொல் தவறாது கன்றையும் அழைத்துக்கொண்டு வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

மான் திரும்பி வருவதாக வாக்களிக்கும் இடத்தில் ஓர் அடி. அதுதான் உம்மும்மாவின் அடி. வீட்டிலிருந்து எவர் சபர் புறப்பட்டாலும் வாசற்படியில் நின்று, ஆயத்துல் குர்ஸீ ஓதி ஊதிய பின் அதைச் சொல்வார்கள். நம் மாமாமார் மூவரும் அந்த அடியைக் கேட்டுத்தான் கொழும்புக்குக் கப்பலேறினார்கள். முதலில் தனுஷ்கோடி வழியாக. 1964 டிசம்பர் புயலில் அவ்வூர் அழிந்த பின்னர் இராமேசுவரம் வழியாக. இருவர் திரும்பி வந்தார்கள். நடு மாமா அங்கேயே மவுத்தாகி அங்கேயே அடக்கமானார்கள். அதற்குப் பிறகும் உம்மும்மா அந்த அடியை விடவில்லை. பொய்த்துப்போன வாக்கை எப்படி இவர்கள் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள் என்று சிறு வயதில் நாம் வியந்ததுண்டு.

1990ஆம் ஆண்டு ஸனது பெற்று ஊர் வந்தோம். இருபது வயது, தலையில் புதுத் தலைப்பாகை, நாவில் மஸ்அலா. பயணம் புறப்பட்ட தம்பி ஒருவருக்காக உம்மும்மா அந்த அடியைச் சொன்னபோது, அதில் ஒரு சொல் அச்சு நூலில் உள்ளபடி இல்லை என்பது நம் காதில் பட்டது. உள்ளே சென்று புத்தகத்தைக் கொணர்ந்து விரித்து, “உம்மும்மா, நீங்க சொல்றது பிழை, கிதாபுல இப்படித்தான் இருக்கு” என்று படித்துக் காட்டினோம். அந்த இரு சொற்களையும் இங்கு எழுதிக் காட்ட மனமில்லை. எழுதினால் எது சரியென்ற வழக்கு மீண்டும் தொடங்கிவிடும். பொருள் ஒன்றுதான். ஓசையும் கெடவில்லை.

அத்தோடு நின்றிருக்கலாம். மான் பேசிய செய்தி இமாம் பைஹகீ (ரஹ்) அவர்களின் தலாயிலுன் நுபுவ்வாவில் வந்திருப்பினும், அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலையினர் கூறியிருப்பதையும் எடுத்துரைத்தோம். சொன்னது பொய்யன்று, இன்றும் மாணவர்க்கு அதையே கற்பிக்கிறோம். ஆனால் வாசற்படியில் பயணம் சொல்லிக்கொண்டு நிற்பவர் முன்னிலையில் சொல்ல வேண்டிய செய்தியா அது? அமல்களின் சிறப்புகளைச் சொல்லும் இடங்களில் பலவீனமான அறிவிப்புகளுக்கும் இடமளித்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் கூற்றை நாம் ஓதாமலில்லை. அன்று அது நினைவுக்கு வரவில்லை.

உம்மும்மா கோபிக்கவில்லை. “எனக்கு எங்க உம்மா சொல்லித் தந்தது வாப்பா” என்றார்கள். கேலியாக, “அவங்களுக்கு யார் சொன்னது? ஸனது வேணுமே!” என்றோம். உம்மும்மா நிறுத்தாமல் சொன்னார்கள்: தம் உம்மா, அவர்களுடைய மாமி, அந்த மாமியின் பெத்தும்மா. பேரும் வீடும் சொல்லி மூன்று தலைமுறை. அதற்கு மேல் தெரியவில்லை என்று அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். அறியாததை அறியேன் எனச் சொல்வது அறிவிப்பாளரின் இலக்கணம் என்பதைப் பாடத்தில் படித்திருந்தோம். எதிரில் இருந்ததைக் காணவில்லை.

பின்னாளில் சீறாவின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்த ஸனதின் கனம் தெரிந்தது. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணையோடு உமறுப் புலவர் பாடிய நூல், புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் 1842இல்தான் அச்சேறியது. இடைப்பட்ட நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் அது எங்கே இருந்தது? ஏடுகளில் இருந்தது, ஏடு பெயர்த்தோர் கையில் இருந்தது, அதற்கும் மேலாக ஓதுவோர் வாயிலும் கேட்போர் செவியிலும் இருந்தது. ஏட்டுக்கு ஏடு சொல் மாறுவது இயல்பு. பதிப்பாசிரியர் தம் கைக்குக் கிட்டிய ஏடுகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து அச்சிடுவார். அச்சானதும் அதுவே மூலம், மற்றவை பிழை என்றாகிவிடுகிறது. உம்மும்மாவின் தொடரில் மூன்றாவதாக வந்த பெத்தும்மா, கணக்கிட்டுப் பார்த்தால், அச்சு நூல் எங்கள் ஊர்த் திண்ணைகளுக்கு வந்து சேருமுன் சீறாவைக் கேட்டவராகவே இருக்கக்கூடும்.

அச்சைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அது இல்லையேல் சீறாவில் பெரும்பகுதி கரையானுக்கு இரையாகியிருக்கும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் போன்றோர் உரை வகுத்து எளிதாக்கியிராவிடில் நம்மைப் போன்றோர் அதனுள் புகுந்திருக்கவே முடியாது. சொல்ல வந்தது வேறு. உமறுப் புலவர் நாயக வரலாற்றைக் கேட்டறிய வந்தபோது ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் முதலில் அவரது தோற்றத்தைக் கண்டு சொல்ல மறுத்து, பின்னர் இசைந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி உண்டு. அத்தனை பெரிய ஆலிமுக்கே ஒரு முறை திரும்பிப் பார்க்க நேர்ந்தது. நமக்கோ திரும்பிப் பார்க்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

1991இல் வட ஆர்க்காட்டுப் பக்கம் மதரஸா ஒன்றில் ஆசிரியர் பணி கிடைத்தது. புறப்படும் நாளில் உம்மும்மாவுக்குக் காய்ச்சல். ஆயினும் சுவரைப் பிடித்து நடந்து வாசலுக்கு வந்தார்கள். ஓதி ஊதினார்கள். பின்னர் அந்த அடியைச் சொன்னார்கள். சொல் வந்த இடத்தில் சற்று நின்று, நம் முகத்தைப் பார்த்து, புத்தகத்தில் உள்ளபடியே சொன்னார்கள்.

அப்போது அது நமக்குப் பெருமையாக இருந்தது. சரியாகச் சொன்னீர்கள் என்று பாராட்டவும் செய்தோம்.

1994இல் உம்மும்மா மவுத்தானார்கள். பழைய சொல் இன்று நம் ராத்தாவின் வாயில் மட்டும் இருக்கிறது. சென்ற ஆண்டு ராத்தாவின் மகள் துபாய் புறப்பட்டபோது விமான நிலையத்துக்கு வண்டி வந்து நின்றது. ராத்தா அந்த அடியைத் தொடங்கிவிட்டு, நாம் அருகில் நிற்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினார்கள். “உரக்கச் சொல்லுங்க ராத்தா, உம்மும்மா சொன்ன மாதிரியே” என்றோம்.