சென்னையின் பொதுவெளிக் கலை

சென்னையில் பொதுவெளிக் கலை என்றால் நெடுங்காலம் அது சிலைதான். மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு தொழிலாளர்களைக் காட்டும் உழைப்பாளர் சிலை 1959-இல் வந்தது. வடித்தவர், அரசு ஓவியக் கல்லூரியை வழிநடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி. தலைவர்களின் சிலை வரிசையில் பெயரில்லா மனிதர்களுக்குக் கிடைத்த இந்த இடம் இன்றும் அபூர்வமே.

அவருடைய மாணவர் கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்றுப் பணம் சேர்த்து நிலம் வாங்கினார்கள். கண்காட்சிக் கூடங்களோடு திறந்தவெளிச் சிற்பப் பூங்காவும் அங்கே உண்டு.

சுவருக்கு முறை வந்தது பிறகுதான். ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகரில், 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை அடுக்குமாடிச் சுவர்களில் பெரும் ஓவியங்களை வரையச் செய்தது. அவற்றுள் சென்னை ஓவியர் ஏ-கில் தீட்டிய குழந்தைகளின் முகங்களும் உண்டு. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்திலும் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக அவர் சாதாரண மனிதர்களின் முகங்களையே வரைந்தார். கண்ணகி நகர் ஓவியங்களுக்கு முன்பே, சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்பட விழா, 2016-இல் நடந்த முதல் பதிப்பிலேயே, புகைப்படங்களைப் பொது இடங்களுக்குக் கொண்டுவந்தது.

கண்ணகி நகரின் வண்ணம், நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்களின் வேலை, போக்குவரத்துச் சிக்கல்களைத் தீர்த்துவிடவில்லை. ஆனால் குற்றச் செய்திகளில் அதிகம் அடிபட்ட ஒரு பெயரை வேறு பக்கங்களுக்கும் கொண்டுபோனது.