காவ்காவும் கட்-ஆஃபும்

சீனத் தொழிற்சாலைகளில் நடந்துவந்த கைப்பேசிப் பொருத்து வேலையின் ஒரு பங்கு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையோரச் சுங்குவார்சத்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேலை இடம் மாறியதைப் பற்றிப் பேசுவோர், அவ்வேலைக்கு ஆளனுப்பும் பள்ளிக் கல்வியும் அதிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பிரியும் பாதையும் இவ்விரு நாடுகளிலும் எவ்வாறு உருவாயின என்பதை அதிகம் பேசுவதில்லை.

எழுத்துத் தேர்வால் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் சீனத்தில் மிகப் பழையது. ‘கேஜூ’ எனப்பட்ட அரசுப் பணித் தேர்வு சுய் மரபினர் காலத்தில் தோன்றி, 1905இல் ஒழிக்கப்படும் வரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நடந்தது. இந்தியக் குடிமைப் பணிக்குப் பிரிட்டிஷார் 1855இல் தொடங்கிய போட்டித் தேர்வுக்கும் அதுவே முன்மாதிரி என்று வரலாற்றாசிரியர் சிலர் வாதிடுகின்றனர். 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகமும் மெட்ரிகுலேஷன் என்ற நுழைவுத் தேர்வைத் தேறியவர்களையே உள்ளே விட்டது.

‘உயர்தேர்வு’ என்று பொருள்படும் ‘காவ்காவ்’ சீனத்தில் 1952இல் தொடங்கியது. பண்பாட்டுப் புரட்சி வெடித்த 1966இல் அது நிறுத்தப்பட்டது. 1970 முதல் கம்யூன்களும் ஆலைகளும் படைப்பிரிவுகளும் பரிந்துரைத்த ‘தொழிலாளர்–உழவர்–போர்வீரர் மாணவர்கள்’ கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். ஏழைக்கு இடம் தருவதற்கென்று வந்த அம்முறையில் உள்ளூர்க் கட்சி அதிகாரியின் தயவே தகுதியாகிவிட்டது. டெங் சியாவோபிங்கின் முயற்சியால் 1977 டிசம்பரில் தேர்வு மீண்டும் நடந்தபோது, பத்தாண்டுகளாக வயல்களிலும் ஆலைகளிலும் காத்திருந்தவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 57 லட்சம் பேர் எழுத, சுமார் 2.7 லட்சம் பேருக்கே இடம் கிடைத்தது. வினாத்தாள் அச்சிடத் தாள் போதாமல், மாவோ தொகுப்பு நூலின் ஐந்தாம் தொகுதிக்கென ஒதுக்கிய தாளை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது.

அதற்கு அடுத்த ஆண்டில், அதாவது 1978இல், தமிழ்நாட்டில் கல்லூரிப் புகுமுக வகுப்புக்கு மாற்றாக மேல்நிலைக் கல்வி, பேச்சு வழக்கில் ‘பிளஸ் டூ’, பள்ளிகளுக்கு வந்தது. தொழிற்கல்விப் படிப்புகளுக்கு 1984இல் தனி நுழைவுத் தேர்வு சேர்க்கப்பட்டது; பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று கூட்டி 300க்குத் தரவரிசை இட்டார்கள். பயிற்சி மையங்கள் நகரங்களில் குவிந்திருந்ததால் அந்த 100 மதிப்பெண் கிராமத்துப் பிள்ளைக்கு எட்டாமல் போயிற்று என்ற வாதம் வலுப்பெற்று, மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006இல் சட்டமியற்றி, 2007 முதல் அத்தேர்வு கைவிடப்பட்டது. பொறியியலில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்ற 200க்கான கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்குக் கணக்கிடும் மதிப்பெண், அப்போது நிலைபெற்றது. அது நியாயமான முடிவே. ஆயினும் பயிற்சி வணிகம் அதனால் ஒழியவில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டாண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த உறைவிடப் பள்ளிகள் பெருகின. சீனத்தில் அன்ஹுவெய் மாகாணத்து மாவோதான்சாங் என்ற சிற்றூர் காவ்காவ் பயிற்சியையே பிழைப்பாக்கிக்கொண்டதும் இதற்கு இணையானதே.

மதிப்பெண்ணுக்கு முன்பே வேலி போடும் ஏற்பாடு ஒன்று சீனத்தில் உண்டு. ‘ஹுகோவ்’ என்ற குடும்பப் பதிவு எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அங்கேதான் பொதுவாகத் தேர்வெழுத வேண்டும் என்பதால், ஷென்ஜென் போன்ற நகரங்களுக்குப் பிழைக்கச் சென்றோரின் பிள்ளைகள் பலர் பெற்றோரை விட்டுச் சொந்த ஊர் திரும்ப நேர்ந்தது. 2012க்குப் பின்னரே இவ்விதி ஓரளவு தளர்ந்தது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் நடக்கும் ‘ஜோங்காவ்’ தேர்வோ பெரும் பகுதியினரைத் தொழிற்பள்ளிக்குத் திருப்பிவிடுகிறது.

சுங்குவார்சத்திரத்தின் பொருத்து வரிசைகளுக்கு அப்படியொரு வடிகட்டி தேவைப்படவில்லை. பிற மாவட்டங்களிலிருந்து பேருந்தேறி இங்கே வரும் இளம்பெண்களில் பெரும்பாலோர் பிளஸ் டூவில் தேறியவர்கள்; அதற்கு மேலும் படித்தவர்களும் அவர்களிடையே உண்டு. தேர்வைத் தாண்டியவர்களையே வீட்டுக் கடனும் மாதச் சம்பளமும் இங்கே அழைத்து வருகின்றன. இதைக் கட்-ஆஃபின் கணக்கில் எழுத முடியாது. அவர்களுக்காக வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.