நெகட்டிவ்மேல் எழுதிய கை: புதுச்சேரித் தொகுப்புகளும் இருட்டறை மறைப்பின் வரலாறும்

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில், இந்தியவியல் அறிஞர் ழான் ஃபிலியோசாவை முதல் இயக்குநராகக் கொண்டு, செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கியது. 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்த பணியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்தன. பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. பிற்காலத்தில் அதே நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ் ஸ்டுடியோக்கள் எடுத்த பழைய குடும்பப் படங்களைத் தேடி எண்மமாக்கியது. கோயிலைப் பதிவுசெய்த கேமராவும் குடும்பத்தைப் பதிவுசெய்த கேமராவும் ஒரே வேதியியலை நம்பியவைதான். ஆனால் பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தைத் தடுக்கும் மறைப்பை நெகட்டிவின் மேலேயே இடுவதா, தனித் தகட்டில் செய்து சேர்ப்பதா என்ற கேள்விக்கு இருவகை வேலையும் வேறு வேறு விடையைக் கேட்டன. எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்த விடையே முடிவு செய்தது. பழைய நெகட்டிவ்களை இன்று காப்பவர்களும் அச்சிடுபவர்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ஸ்டுடியோக்காரர்கள் ‘டச்சிங்’ என்று சொல்லும் வேலையைப் பாருங்கள். முகச் சுருக்கமும் கண்ணுக்குக் கீழுள்ள நிழலும் நெகட்டிவில் மெலிந்த, வெளிச்சம் எளிதாக ஊடுருவும் கோடுகளாக விழும். அவற்றைக் கூரான பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கறுக்க வேண்டிய இடத்தைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டுவார்கள். பிரிண்ட் தாள் சிவப்பை உணராது. அதனால் நெகட்டிவ்மேல் பூசிய சிவப்புச் சாயமும் வெளிச்சத்தை மட்டுப்படுத்தும் மறைப்பாக வேலை செய்தது. உருவத்தைச் சுற்றிக் கறுப்பு மை பூசினால் பின்னணி முழுவதும் வெள்ளையாகிவிடும். இந்த முறைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு நன்மை உண்டு. மறைப்பு நெகட்டிவிலேயே ஒட்டியிருப்பதால் அது ஒருபோதும் இடம் மாறாது. எத்தனை பிரிண்ட் போட்டாலும் பென்சில் கோடு அதே கன்னத்தின் மேல்தான் விழும். ஆகவே முழுத்தட்டு, அரைத்தட்டு அளவுக் கண்ணாடி நெகட்டிவ்களைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி அச்சிட்ட ஸ்டுடியோவுக்கு, மறைப்பை நெகட்டிவோடு இம்மியும் விலகாமல் பொருத்தும் பதிவுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. இதைக் கருவி வாங்க வசதியில்லாமையின் அடையாளமாகப் படிப்பது தவறு. தேவையே எழாத அளவுக்கு அந்த முறை தன்னிறைவாக இருந்தது.

நெகட்டிவ் சிறுத்தபோது அந்த ஏற்பாடு குலைந்தது. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் எடுத்த படங்களைப் போன்ற 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு சட்டத்தின் அளவு 24-க்கு 36 மி.மீ. அதில் முகம் சில மில்லிமீட்டர்தான். அங்கே பென்சிலுக்கு இடமில்லை. என்லார்ஜரின் வெளிச்சத்தைக் கையாலும் அட்டையாலும் மறைப்பதே வழக்கமாயிற்று. ஆவணப் படத்துக்கு வேறொரு தடையும் உண்டு: சிற்பத்தின் நெகட்டிவில் யாரும் எதையும் வரையக் கூடாது, வரைந்தால் அது சான்றாக நிற்காது. ஆனால் வெயில் அடிக்கும் கோபுரத்தையும் இருண்ட மண்டபத்தையும் ஒரே தாளில் விவரம் கெடாமல் கொண்டுவர வேண்டும். இதற்கான விடை தனி மறைப்பு. நெகட்டிவோடு ஒரு ஃபிலிமை, இடையில் மெல்லிய பரவல் தாள் வைத்துச் சேர்த்து ஒளிகாட்டினால், மங்கலான, மெலிந்த பாசிட்டிவ் கிடைக்கும். அதை நெகட்டிவோடு அடுக்கினால் ஒட்டுமொத்த ஒளி-இருள் வேறுபாடு தணியும். பிறகு வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் ‘கடினமான’ பிரிண்ட் தாளைப் பயன்படுத்தி நுண்ணிய விவரங்களை எடுப்பாகக் காட்டலாம். அடுக்கு 0.1 மி.மீ. விலகினால் பத்து மடங்கு பெரிதாக்கும்போது ஒரு மி.மீ. பிழையாகி, விளிம்புகளில் வெள்ளைக் கோடு கிளம்பும். அடுக்கு விலகாதபடி துளைகளில் சிறு பின்களை நுழைத்து நிறுத்துவதே ‘பின் பதிவு’; நெகட்டிவைத் தொடாமல் காப்பதற்கு நாம் தரும் விலை அது.

எனவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலை விட நெகட்டிவின் உடலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபிலிமென்றால் ஒரு பஞ்ச், அதற்குப் பொருந்தும் இரு பின்கள்: ஒரு துளை வட்டம், மற்றொன்று நீள்துளை. நீள்துளை ஏன்? ஈரத்தில் ஃபிலிம் நீளும், காய்ந்தால் சுருங்கும். இரண்டும் வட்டமாக இருந்தால் ஃபிலிம் நடுவில் உப்பிவிடும். புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் இது வெறும் ஏட்டுக் கவலை அல்ல. அசிட்டேட் ஈரத்துக்கு அசையும், பாலியெஸ்டர் பெரிதும் அசையாது. நெகட்டிவும் மறைப்பும் ஒரே அறையின் ஈரத்தில் இருந்து பழகிய பிறகே அடுக்க வேண்டும். பழைய நெகட்டிவில் துளையிடவே கூடாது. அதன் ஓரத்தில் ஒட்டிய தனிப் பட்டையில்தான் துளையிட வேண்டும். கண்ணாடித் தட்டுக்குப் பஞ்ச் உதவாது; நீண்ட ஓரத்தில் இரண்டு, குறுகிய ஓரத்தில் ஒன்று என மூன்று முனைகளில் அதை முட்டவைத்து நிறுத்தலாம்.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு கேள்விகள் வரும். ஸ்கேனர் வந்த பிறகு பின் எதற்கு, மறைப்பு எதற்கு என்பது ஒன்று. ஸ்கேனரும் ஒரு வெளிச்சத்தைத் தேர்ந்துதான் பார்க்கிறது. ஊடுருவும் வெளிச்சத்தில் பென்சிலும் வெள்ளியும் ஒரே கருமையாகத் தெரியும். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பார்த்தால்தான் கைவேலை பிரிந்து தெரியும். ஒரே தட்டை இருவகை வெளிச்சத்திலும் எடுத்துப் பொருத்தும்போது, திரையிலும் அதே பதிவுச் சிக்கல் திரும்பி வருகிறது. இரண்டாவது கேள்வி கனமானது. டச்சிங் என்பது பொய், குறிப்பாகக் கறுத்த முகங்களை வெளுக்கவைத்த பொய்; அதைத் துடைத்து உண்மை முகத்தை மீட்க வேண்டாமா? நிறம் குறித்த ஆசை அந்த வேலையில் இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சிவப்பை உணராத அக்காலத் தட்டுகளே பழுப்புத் தோலை இயல்பை விடக் கறுப்பாகக் காட்டின. தட்டின் குறையைச் சரிசெய்த கோடு எது, வாடிக்கையாளரின் விருப்பத்துக்குப் போட்ட கோடு எது என்பதை ஆராயக் கோடு இருந்தாக வேண்டும். துடைத்தால் சான்றும் போகும், அந்தத் தொழிலாளியின் உழைப்பும் போகும்.

ஆகவே ஸ்டுடியோ நெகட்டிவை டச்சிங்கோடு, அது அச்சான வகையிலேயே காக்க வேண்டும். திருத்தம் வேண்டுமென்றால் தனி மறைப்பில் செய்து பின்களால் பொருத்த வேண்டும். ஆவண நெகட்டிவுக்கும் அதே விதி போதும். மறைப்பையும் அதன் துளைப்பட்டையையும் நெகட்டிவின் எண்ணோடு சேர்த்துப் பாதுகாத்தால், நாளை அச்சிடுபவர் நம் முடிவைச் சோதிக்கலாம், ஏற்கலாம், தள்ளலாம். பெயர் தெரியாத பழைய டச்சிங்காரரின் முடிவு நமக்குத் தட்டிலேயே கிடைக்கிறது. நம் முடிவையும் அதே நேர்மையோடு விட்டுச்செல்வது காப்பகத்தின் கடமை.