புள்ளி வைத்த எழுத்தும் புதைத்த புத்தகமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

அரபுத்தமிழ் என்று சொன்னால் எங்களிடம் படிக்கிற பிள்ளைகள் அரபுச் சொல் கலந்த தமிழ் என்று நினைக்கிறார்கள். அது தமிழேதான். எழுத்து மட்டும் அரபு. காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி பேருவளை, கொழும்பு, காத்தான்குடி, மன்னார் வரை நம்முடைய ஆட்கள் பல தலைமுறையாக இப்படித்தான் எழுதினார்கள், வாசித்தார்கள்.

வேலை சின்ன வேலை இல்லை. அரபில் இருப்பது 28 எழுத்து. அதில் 'ப' கிடையாது. ட, ண, ள, ழ, ற, ங, ஞ எதுவும் கிடையாது. குறிலில் அ, இ, உ மூன்றுக்குத்தான் குறி இருக்கிறது. எ, ஒ இரண்டுக்கும் இடமே இல்லை. அந்தக் காலத்து ஆலிம்கள் இருக்கிற எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளி கூட்டிப் புது எழுத்துச் செய்தார்கள். எ, ஒ ஓசைகளுக்குத் தனிக் குறி வைத்தார்கள். தமிழின் ஓசையை நன்றாக அறிந்தவர்களால்தான் இதைச் செய்திருக்க முடியும்.

இதைப் படிப்பிக்கத் தனிப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. ஓதப் போகிற பிள்ளை அரபு எழுத்தைப் படித்துவிடும். பேச்சுத் தமிழ் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் வாசிப்பு வந்துவிடும். பாடசாலைப் படியே மிதிக்காத எங்கள் மூத்தம்மாமார் தொழுகைச் சட்டமும் நபிமார் கதையும் தாங்களே வாசித்தது இப்படித்தான். அரசாங்கக் கணக்கில் அவர்கள் எழுத்தறிவு இல்லாதவர்களாகப் பதியப்பட்டிருப்பார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு வரும்.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கையில் ஊர் ஊராகப் போய்த் தைக்காக்களும் பள்ளிகளும் எழுப்பியவர். மார்க்கச் சட்டம் சொல்லும் அவருடைய 'மகானி' அரபுத்தமிழில்தான் இருக்கிறது. பேருவளை ஷெய்கு முஸ்தபா குர்ஆனுக்கு விளக்கம் எழுதியதும் இதே எழுத்தில்தான்.

பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்ல முன், கொஞ்சம் தூரம் அமெரிக்காவுக்குப் போய் வருவோம்.

அங்கே செரோக்கி என்று ஒரு பழங்குடி. அவர்களில் செகோயா என்ற ஒருவர் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். வெள்ளைக்காரர் தாளைப் பார்த்துப் பேசுவதைக் கண்டு, தன் மொழிக்கும் எழுத்து வேண்டும் என்று வருடக்கணக்காக மினக்கெட்டு 1821 அளவில் முடித்தார். ஒவ்வொரு எழுத்தும் நம் உயிர்மெய் மாதிரி ஒரு முழு அசை. இப்போது 85 எழுத்து. முதல் மாணவி அவருடைய மகள். சில வருடத்துக்குள் சனத்தில் பெரும்பகுதி வாசிக்கப் பழகிவிட்டது. 1828 இல் சொந்த எழுத்திலும் ஆங்கிலத்திலுமாகப் பத்திரிகையே வந்தது. பத்து வருடம் கழித்து, 1838–39 இல், அமெரிக்க இராணுவம் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து கிளப்பி மேற்கே நடத்திக்கொண்டு போனது. வழியிலும் முகாமிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது.

இடம்பெயர்வு என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் நாங்கள் போனோம். 2009 இல் நீங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனீர்கள். பையில் அடையாள அட்டையும் உடுப்பும் போகும், புத்தகம் போகாது.

செரோக்கிகள் போன இடத்தில் தங்கள் காசிலேயே 1851 இல் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு உயர்கல்விக்கூடம் கட்டினார்கள். அங்கே இலத்தீன் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, செரோக்கி மொழி இல்லை! தடுத்தது வேறு யாருமில்லை. பிள்ளைகள் முன்னுக்கு வரட்டும் என்று பெரியவர்களே எடுத்த முடிவு.

நம்மிலும் அப்படித்தான். சித்தி லெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியபோது தமிழ் எழுத்தில் தொடங்கினார். 1884 இல் கொழும்பில் தொடங்கிய மதரசா பிறகு 1892 இல் ஸாஹிராவாக வளர்ந்தது. அவரைக் குறை சொல்ல நாங்கள் தயாரில்லை. அந்த எழுத்துக்குள்ளேயே இருந்திருந்தால் பரீட்சையும் உத்தியோகமும் நமக்கு எட்டியிராது. ஆனால் புது வீட்டுக்குப் போகும்போது பழைய வீட்டுத் திறப்பையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? பிறகு வந்த தலைமுறைகளில் மதரசா சுத்த அரபுப் பக்கம் போனது, பாடசாலை தமிழ் எழுத்துப் பக்கம் போனது. நடுவில் இருந்ததை இரண்டு பக்கமும் கைவிட்டன.

ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. செரோக்கிகள் இழந்துகொண்டிருப்பது பேசும் மொழியையே. தாய்மொழியாகப் பேசுவோர் ஏறத்தாழ 2,000 பேர்தான் என்ற நிலையில் 2019 இல் மூன்று செரோக்கி அரசுகளும் மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. நமக்குத் தமிழ் உயிரோடு இருக்கிறது. போனது எழுத்தும் அந்த எழுத்துக்குள் இருந்த புத்தகங்களும்.

இன்னொரு செய்திதான் ஆசிரியராக எங்களைப் பிடித்தது. 1889 இல் தஹ்லெக்குவாவில் திரும்பக் கட்டிய அந்தப் பெண்கள் கல்விக்கூடத்தை 1909 இல் ஒக்லஹோமா மாநிலம் வாங்கி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாக்கியது. இன்று அது பல்கலைக்கழகம். செரோக்கி மொழிக்கு இடம் கொடுக்காத அதே நிறுவனத்தில் இப்போது செரோக்கி மொழி ஆசிரியராவதற்குப் பட்டப்படிப்பு நடக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு முழுக்கச் செரோக்கியில் நடக்கும் பாடசாலை இருந்தால் அதற்கு ஆசிரியர் வேண்டும், ஆசிரியருக்குக் கல்லூரி வேண்டும். அந்த ஒழுங்கை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் பயிற்சிக் காலத்தில் மொழி கற்பித்தலுக்கு எத்தனையோ பாடவேளை இருந்தது. அரபுத்தமிழ் என்ற சொல் ஒருநாளும் வரவில்லை. நம் நாட்டுப் பேராசிரியர் ம. மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்குப் பேராசிரியராக இருந்தவர். கீழக்கரை தைக்கா சுஐபு ஆலிம் 1993 இல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய புத்தகம் வெளியிட்டார். ஆகவே ஆய்வுக்குக் குறைவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு முன்னால் ஒரு பக்கத்தை வைத்து வாசிக்கப் பழக்குகிற ஆசிரியர்தான் இல்லை. இத்தனைக்கும் இது லேசான பாடம். அரபு எழுத்துத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சில வாரம் போதும் என்பது எங்கள் எண்ணம்.

அவசரம் ஏன் என்றால், வாசிக்கத் தெரியாததால் இந்தப் புத்தகங்கள் மரியாதையாகவே அழிகின்றன. செல்லரித்த தாளில் அரபு எழுத்தைக் கண்டால் குர்ஆன் என்று நினைத்துப் புதைக்கிறோம், கடலில் விடுகிறோம். அதில் மூத்தம்மாவின் கிதாபும் சேர்ந்து போகிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அரபு எழுத்துள்ள தாளை வீட்டில் வைத்திருக்கவே பயந்த நாட்களையும் மறக்கவில்லை.

தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பக்கத்திலோ, புத்தளத்திலிருந்து திரும்பி வந்த வீடுகளிலோ பழைய கிதாபு, மௌலூது ஏடு, கலியாணப் பதிவு, கடிதம் ஏதும் இருந்தால் புதைக்க முன் ஒருமுறை எங்களுக்குக் காட்டுங்கள். தர வேண்டாம்; போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும். நூலகம் நிறுவனம் போன்றவர்களிடம் சேர்க்கலாம். அரபு எழுத்துக்கு இடையில் மேலதிகப் புள்ளி வைத்த எழுத்துகள் அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது தமிழ். ஓதப் போகிற பிள்ளையைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். விளங்கிய சொற்களைக் கீழே எழுதுங்கள்.